பொடி எழுத்துப் புராணம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கார் தொழிற்சாலை, ஐபோன், கம்பெனி பஸ், அந்த பஸ்ஸுக்குப் பின்னால் அரை மணி நேரம் நகராமல் நின்ற உங்கள் வண்டி. நியாயம்தான். ஆனால் சிப்காட் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்னாலேயே, 1017-இல், இந்த ஊர் ஓர் எக்ஸ்போர்ட் குவாலிட்டி பிள்ளையைப் பெற்று வெளியூருக்கு அனுப்பிவிட்டது. பெயர், இராமானுஜர்.

அவர் வாழ்க்கையில் நம் விஷயத்துக்கு வேண்டியது ஒரே ஒரு சம்பவம். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ஒரு மந்திரத்தின் பொருளைக் கேட்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து போகிறார். நம்பி லேசில் சொல்வதாக இல்லை. போய் வாருங்கள் என்றார். போனார், வந்தார். மறுபடியும் போய் வாருங்கள். இப்படிப் பதினெட்டு தடவை. அத்தனையும் நடை! ஓடிபி வரவில்லை என்று மூன்றாவது தடவை 'ரீசெண்ட்' அமுக்கும்போதே போனைச் சுவரில் எறியப் பார்க்கிற நாம், இந்த இடத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கலாம்.

பதினெட்டாவது தடவை மந்திரம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம். டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் என்பதை முதலில் எழுதியது கலிபோர்னியா வக்கீல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

இராமானுஜர் 'ஐ அக்ரீ' கொடுத்துவிட்டு நேரே கோபுரத்தில் ஏறினார் என்கிறது குருபரம்பரைக் கதை. ஊரைக் கூப்பிட்டார். உரக்கச் சொன்னார். அக்கவுண்ட் வேண்டாம், சந்தா வேண்டாம், குலம் கோத்திரம் நிரப்ப வேண்டாம். காது இருந்தால் போதும். கோபத்தில் வந்த நம்பி கடைசியில் நெகிழ்ந்து 'எம்பெருமானார்' என்று கட்டிக்கொண்டார். (இந்தச் சம்பவத்துக்கு வேறு விளக்கம் சொல்லும் பெரியவர்களும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் தலையைக் கொடுக்கப் போவதில்லை. எனக்கு நரக பயம் நிறைய.)

கோபுரத்திலிருந்து சொன்னால் எல்லோருக்கும் கேட்கும் என்கிற இந்த எளிய விஷயம் மற்றவர்களுக்குப் புரிய ஆயிரம் வருஷம் போதவில்லை. இணையத்தில் படம் காட்டக் கிளம்பியவர்கள் ஆளுக்கொரு நம்பியாகத்தான் வந்தார்கள். அதிலும் பதினெட்டாவது தடவை போனாலும் மந்திரத்தைச் சொல்லாமல் டூல்பாரைக் கையில் திணிக்கிற நம்பிகள்.

முதல் நம்பி, ராப் கிளேசர். மைக்ரோசாஃப்டில் சின்ன வயதிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர். அதிலிருந்து எழுந்து வந்து 1994-இல் சியாட்டிலில் ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் 'புரோகிரஸிவ் நெட்வொர்க்ஸ்'. பெயரைப் பார்த்தாலே தெரியும், மனிதருக்கு முற்போக்கு அரசியலில் பிடிப்பு. பெரிய டிவி கம்பெனிகள் காட்டாத நல்ல கருத்துகளை இணையம் வழியாக மக்களிடம் சேர்ப்பதுதான் அவருடைய ஆரம்பக் கனவு. சரி, அவருடைய ரியல் ஆடியோ முதன்முதலில் நேரலையாக ஒலிபரப்பிய நல்ல கருத்து எது? 1995 செப்டம்பர் 5-ஆம் தேதி, சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் மோதிய பேஸ்பால் மேட்ச்.

அதற்குச் சரியாக மூன்று வாரம் முன்புதான், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. டயல் அப் வேகம் 9.6 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு நடிகையின் போட்டோ நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். அமெரிக்காக்காரன் மேட்ச் கேட்டுக்கொண்டிருந்தபோது நாம் மோடம் போடும் 'கீய்ங்' சத்தத்தையே கச்சேரியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கிளேசரைக் குறைத்துச் சொல்லக்கூடாது. முழு ஃபைலும் இறங்கிய பிறகு கேட்பது என்றிருந்த காலத்தில், இறங்க இறங்கக் கேட்கலாம் என்று காட்டினார். அது சாதாரண வேலை அல்ல. ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்களில் நம் பாட்டெல்லாம் அவருடைய ரியல் பிளேயர் வழியாகத்தான் வந்தது. நியூ ஜெர்சியில் பனி பெய்துகொண்டிருக்கும்போது இளையராஜாவைக் கேட்டுக் கண்ணீர் விட்ட ஒரு தலைமுறையே அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. கண்ணீரில் பாதி பஃபரிங்கால் வந்தது என்பது வேறு விஷயம்.

சனி பிடித்தது அதற்குப் பிறகுதான். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்காமல், வந்தவர்களெல்லாம் தன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ரியல் பிளேயருக்கு நடந்தது அதுதான்.

இலவசப் பிளேயர் வேண்டுமென்று தளத்துக்குப் போனால், காசு கொடுத்து வாங்குகிற 'பிளஸ்' தடித்த எழுத்தில் நடுவீட்டில் நிற்கும். இலவசம் ஏதோ ஒரு மூலையில், பொடி எழுத்தில். அதைக் கண்டுபிடிக்கவே தனித்திறமை வேண்டும். கண்டுபிடித்து இறக்கினால் அடுத்தது டிக் பெட்டிகள். முதலில் கண்ணில் படுகிற நாலு பெட்டி காலியாக இருக்கும். ஆகா, யோக்கியர்கள் என்று நினைத்து நெக்ஸ்ட் கொடுப்பீர்கள். கீழே ஸ்க்ரோல் பண்ணினால் தெரிகிற பெட்டிகளில் எல்லாம் டிக் ஏற்கெனவே அடித்திருக்கும்!

அப்புறம் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எம்பி3, வீடியோ என்று எல்லாவற்றுக்கும் தானே காவலன் என்று அறிவித்துக்கொள்ளும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல ஐகானாகக் குடியேறும். நீங்கள் சிவனே என்று எக்செல்லில் வேலை பார்க்கும்போது 'மெஸேஜ் சென்டர்' என்று மூலையிலிருந்து தலையை நீட்டி, ஹாலிவுட்டில் யாருக்கோ டைவர்ஸ் என்று சொல்லும். ஹாலிவுட் டைவர்ஸ் தெரியாமல் சுங்குவார்சத்திரத்தில் எந்த வேலை நின்றது?

1999-இல் இன்னொரு குட்டு உடைந்தது. ரியலின் தம்பி 'ரியல் ஜூக்பாக்ஸ்', யார் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்ற விவரத்தை, ஆளுக்கொரு அடையாள எண் போட்டு, சத்தமில்லாமல் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற நிபுணர் கண்டுபிடித்தார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இன்றைக்கு நம் போனில் உள்ள ஒவ்வொரு ஆப்பும் அதையே செய்கிறது. வித்தியாசம், மன்னிப்புக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

2006-இல் 'பிசி வேர்ல்ட்' பத்திரிகை, உலகின் ஆக மோசமான 25 தொழில்நுட்பப் பொருள்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. ரியல் பிளேயருக்கு இரண்டாவது இடம். 2008-இல் 'ஸ்டாப் பேட்வேர்' அமைப்பு அதன் இரண்டு பதிப்புகளைக் கெட்ட சாஃப்ட்வேர் பட்டியலிலேயே சேர்த்தது. முற்போக்குக் கருத்தைப் பரப்பக் கிளம்பியவர், எதை எப்படி அன்இன்ஸ்டால் செய்வது என்கிற அறிவை உலகம் முழுக்கப் பரப்பியிருந்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2006. நோக்கியா உற்பத்தி தொடங்கியாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஏற்கெனவே செட்டில் ஆன பெரிய வீட்டுப் பிள்ளை. திருவண்ணாமலை, விழுப்புரம், சேலம் பக்கமிருந்தெல்லாம் ஐடிஐ, டிப்ளமோ, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். ஒரு ரூமில் ஆறு பேர். ரூமில் டிவி இல்லை. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, பி ஷிஃப்ட் போனால் பிரைம் டைம் சீரியல் முழுக்க லைனில் போய்விடும். 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது. நடுவில் ஒரு வாரம் விட்டால் ஒன்றும் ஆகாது என்று வெளியாட்கள் சொல்வார்கள். அபி, ஆதி சண்டையில் ஒரு வாரம் விட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரௌசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, ஒட்டிக்கொண்ட ஸ்பேஸ் பார், தூசு அடைத்த மவுஸ் பேட். சீரியல் போடும் ஏதோ ஒரு தளத்தைத் தேடிப் பிடித்து பிளேயை அமுக்கினால், படம் வருவதற்குப் பதில் அறிவிப்பு வரும். 'இந்த வீடியோவைப் பார்க்க இந்த கோடெக்கை இன்ஸ்டால் செய்யவும்.' நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அது கோடெக் அல்ல, 'ஸ்லாப்' என்ற ட்ரோஜன் குடும்பம். அந்தக் காலத்தில் வீடியோ கோடெக் வேஷம் போட்டுக்கொண்டே பிழைத்த ஜாதி. அரை நிமிஷத்தில் உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, நீக்க இங்கே பணம் கட்டவும் என்று சிவப்பாக ஒரு எச்சரிக்கை. வைரஸ் இருக்கிறது என்று வைரஸே வந்து சொல்லும் நேர்மையை வேறெங்கே பார்ப்பீர்கள்?

சென்டர்காரர் சர்வீஸ் தம்பியைக் கூப்பிடுவார்.

"என்ன தம்பி ஆச்சு?"

"யாரோ ஏதோ ஏத்தி விட்டிருக்காங்க சார். பிரௌசர்ல பாருங்க, மேல ஏழு டூல்பார் ஒட்டிக்கிட்டிருக்கு. பக்கம் தெரியவே ஜன்னல் அளவுதான் இடமிருக்கு."

"என்ன பண்ணலாம்?"

"ஃபார்மட் அடிச்சிடலாம் சார்."

தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் வைத்தியத்தில் மருந்து ஒன்றுதான். தலைவலிக்கும் அதுவே, தலை போனாலும் அதுவே.

வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருந்த கொடுத்துவைத்தவர்கள் என்ன செய்தார்கள்? பி.எஸ்.என்.எல். ஒரு பிளான் வைத்திருந்தது. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், கணக்கில்லை. மற்ற ஊர்க்காரர்கள் அலாரம் வைத்து எழுந்தார்கள். நைட் ஷிஃப்ட்டுக்குப் பழகிய ஸ்ரீபெரும்புதூருக்கு அது பகல்.

இந்தப் பக்கம் நாம் ஃபார்மட் அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஐரோப்பாவில் பெரிய கோர்ட்டுக் காட்சி. மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு மீடியா பிளேயரையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறது என்பது புகார். புகாரை ஊதிப் பெரிதாக்கியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? ரியல் நெட்வொர்க்ஸ், அதாவது பெயர் மாற்றிக்கொண்ட கிளேசரின் அதே கம்பெனி. கேட்காத பிளேயரை ஜனங்கள்மேல் திணிப்பது அநியாயமாம். சொன்னவர்கள் ரியல் பிளேயரோடு கூகுள் டூல்பாரை ஒட்டிக் கொடுத்தவர்கள்.

2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்றது. மைக்ரோசாஃப்ட் ரொம்பப் பணிவாக அதற்கு ஒரு பெயரும் வைத்துக் கொடுத்தது: 'ரெட்யூஸ்டு மீடியா எடிஷன்'. குறைந்த விண்டோஸ்! மாப்பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்று பத்திரிகையிலேயே அச்சடிக்கிற வேலை. ஆணையம் முறைத்தது. பெயர் 'எக்ஸ்பி என்' ஆனது. விலை? பிளேயர் உள்ள விண்டோஸின் அதே விலை. ஐரோப்பா முழுக்க இரண்டாயிரம் பிரதிகூடப் போகவில்லை என்று பிறகு மைக்ரோசாஃப்டே சந்தோஷமாகச் சொன்னது.

ரியலுக்கு நஷ்டமில்லை. 2005 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 76.1 கோடி டாலர் மதிப்புக்குச் சமாதானம் பேசி முடித்தது. பிளேயர் ஓட்டி வராத காசு, பிளேயரைப் பற்றிப் புலம்பி வந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ரியல் பிளேயரைத் தொடாமல் ரியல் ஃபைலைப் பார்ப்பதற்கென்றே 'ரியல் ஆல்டர்நேடிவ்' என்று ஒரு பொட்டலம் உலவியது. ஐகான் இல்லை, டைவர்ஸ் செய்தி இல்லை, படம் மட்டும் ஓடும். விஷயம் தெரிந்த சர்வீஸ் தம்பிகள் பென் டிரைவில் இதைப் பக்தியோடு வைத்திருப்பார்கள். அதற்கு லிங்க் கொடுத்த குற்றத்துக்காக ஹாலந்தில் ஓர் இளைஞர்மேல் ரியல் வழக்கே போட்டது. கடைசியில் ஜெயித்தவர் அந்த இளைஞர். வாட்ச்மேன் இல்லாத கதவு ஒன்றிருக்கிறது என்று கைகாட்டியதற்கு வழக்கு!

2007-இல் டெல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆன்லைனில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தது. புது வடிவம், புது நிறம் என்று கவிதையாக வரும் என்று பார்த்தால், கூட்டம் கூட்டமாக வந்து ஜனங்கள் கேட்டது, நீங்கள் உள்ளே போட்டு அனுப்பும் குப்பையைப் போடாமல் அனுப்புங்கள் என்பதுதான். டெல் இறங்கி வந்தது. ஒரு பொருளை உள்ளே வைக்காமல் இருப்பதையே ஒரு வசதியாக விற்கலாம் என்று உலகம் கண்டுகொண்ட வருஷம்.

நம்ம அரசாங்கம் 2011 செப்டம்பர் 15-இலிருந்து மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. உள்ளே விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸில் அந்தக் கோடெக் வேஷக்கார ட்ரோஜன்களின் பருப்பு வேகாது. அரசாங்கமே பாதுகாப்பாகப் படம் பார்க்க வழி செய்து கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பசங்க லேப்டாப் வந்ததும் முதல் வேலையாக பாஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் படம் ஏற்றினார்கள். மூடியில் இருந்த முதலமைச்சர் படத்துக்கு மட்டும் அன்இன்ஸ்டால் வசதி இல்லை.

நடுவில் ஒரு மகாராஜா ஆண்டுவிட்டுப் போனார். ஃப்ளாஷ். 2005-இல் யூடியூப் ஒரு மிருகக்காட்சிசாலை யானையைக் காட்டிக் கடை திறந்ததே, அது ஓடியது ஃப்ளாஷில்தான். ஒரே பிளக்இன், உலகமே ஓடும், பரவாயில்லையே என்று நினைத்தோம். பிறகு அவருக்கும் அந்த வியாதி தொற்றியது. வாரம் தவறாமல் அப்டேட் கேட்பார். அப்டேட்டுக்குள் மெக்காஃபி ஸ்கேனுக்கு டிக் அடித்து வைத்திருப்பார்.

2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஃப்ளாஷ் பாட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில்லை, ஒரே கம்பெனி கையில் பூட்டிக் கிடக்கிறது, எங்கள் போனில் இடமில்லை. திறந்த தன்மையைப் பற்றி உபதேசம் செய்தவர், தன் கடையைத் தவிர வேறெங்கிருந்தும் ஆப் இறக்க விடாத ஆசாமி! ஆனால் சொன்னது நடந்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷ் கண்ணை மூடியது. தென் ஆப்பிரிக்க வருமான வரித்துறைக்கு மட்டும் பிரிய மனமில்லை. அவர்களுடைய படிவமெல்லாம் ஃப்ளாஷில் இருந்ததால், படிவத்தை மாற்றுவதற்குப் பதில் ஃப்ளாஷ் ஓடுகிற ஒரு பிரௌசரையே செய்து வெளியிட்டார்கள். ஃப்ளாஷைக் கொன்ற ஐபோன் இன்று ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் லைனில் பூட்டப்படுகிறது. பழி பாவம் எதுவும் இந்த ஊரைச் சேராது, 2019-இல்தானே ஐபோன் இங்கே வந்தது.

இத்தனை நம்பிகளுக்கு நடுவே கோபுரம் ஏறியவர் யாருமே இல்லையா? இருந்தார்கள். பாரிஸ் பக்கம் எகோல் சென்ட்ரால் கல்லூரி, 1996. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மனிதகுலத்தின்மேல் கருணை பொங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை, கேம் ஆடுவதற்கு நெட்வொர்க் மந்தமாக இருந்தது. புது நெட்வொர்க் போடப் பணம் வேண்டும். பணம் கொடுக்கிறவருக்கு ஒரு காரணம் வேண்டும். ரூமுக்கு ரூம் டிஷ் வைக்காமல் சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியாகவே எல்லோருக்கும் காட்டுகிறோம் என்று ஒரு திட்டம் கொடுத்தார்கள். நெட்வொர்க் வந்தது. கேமும் ஓடியது. பக்க விளைவாக உலகின் தலைசிறந்த வீடியோ பிளேயர் பிறந்தது. வி.எல்.சி.

2001 பிப்ரவரியில் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓப்பன் சோர்ஸாகத் திறந்து விட்டார்கள். அந்த ஆரஞ்சு கூம்பு ஐகான் எப்படி வந்தது? பிள்ளைகள் ஒரு ராத்திரி தண்ணி போட்டுவிட்டு ரோட்டிலிருந்து டிராஃபிக் கோனைத் தூக்கி வந்ததில் தொடங்கியதாம். ஒரகடத்தில் படித்திருந்தால், அந்த ஆறு வழிச் சாலைக்கும் வாகனச் சோதனை மைதானத்துக்கும் போட்டிருக்கும் கோன்களைத் தூக்க லாரி பிடித்திருக்க வேண்டும்.

பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்ற ழான் பப்திஸ்த் கெம்ஃபிடம், இன்ஸ்டாலரில் ஒரே ஒரு டூல்பாரை ஒட்டினால் போதும் என்று கோடிக் கணக்கில் பணத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்றார். விளம்பரம் இல்லை, வேவு இல்லை, டிக் பெட்டி இல்லை. 600 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்ட ஒரு பிளேயர், பிரெஞ்சுக் குடிமகன்களின் திருட்டுக் கோனை அடையாளமாக வைத்துக்கொண்டு உலகத்திலேயே நாணயமாக நடந்துகொண்டது.

அதற்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? 2022 பிப்ரவரியில் இந்தியா வி.எல்.சி.யின் இணையதளத்தை முடக்கியது.

ஏன்? அப்போது சொல்லவில்லை. உத்தரவின் நகல்? கொடுக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அப்படி ஒரு தகவலே எங்களிடம் இல்லை என்று அமைச்சகத்திலிருந்து பதில். சீன ஹேக்கர்கள் யாரோ வி.எல்.சி.யைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தினார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது, அதனால் இருக்கலாம் என்று பத்திரிகைகள் ஊகித்தன. அந்த அறிக்கை வந்ததோ முடக்கத்துக்கு இரண்டு மாசம் கழித்து, ஏப்ரலில்! தளம் முடங்கியிருந்த காலம் முழுக்க, போன் ஆப் மட்டும் பிளே ஸ்டோரில் ஜோராகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆக, நல்ல சரக்கு கிடைக்கும் ஒரிஜினல் கடைக்குப் பூட்டு. கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்றால் டூல்பார் ஒட்டி விற்கும் டூப்ளிகேட் கடைகள் திறந்திருந்தன. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு, வி.எல்.சி.யை நடத்தும் வீடியோலேன் சட்ட நோட்டீஸ் விட்ட பிறகு, நவம்பரில் பூட்டு கழன்றது.

ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபர் 28. அன்றுதான் எச்டிஎம்எல் 5 இறுதி வடிவம் பெற்றது. இனி வீடியோ பார்க்கப் பிளேயரே வேண்டாம், பிரௌசரே காட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாலு நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை நின்றது. ஆயிரக் கணக்கான பேர் முன்பே விருப்ப ஓய்வில் போயிருந்தார்கள், மிச்சமிருந்தவர்களுக்கும் இனி ஷிஃப்ட் இல்லை. அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. நோக்கியாவின் சிம்பியன் போன்களில் ரியல் பிளேயரைக் கழற்ற முடியாதபடி பதித்தே அனுப்புவார்கள் என்பது மட்டும் சும்மா ஞாபகம் வந்தது. அந்த இடத்தைப் பிறகு வாங்கியது சார்ஜர் செய்யும் சால்காம்ப். போன் போய்விட்டது, சார்ஜர் இருக்கிறது. நம் வீட்டு மேசை டிராயர் மாதிரியே.

ஆக இன்றைக்கு எதையும் இன்ஸ்டால் செய்யாமல் டிவி பார்க்கலாமா? தாராளமாக. சேனலின் சொந்தத் தளமோ யூடியூப் பக்கமோ, பிரௌசரில் திறந்தால் ஓடும். எந்தத் தளமாவது பிளேயரை அப்டேட் செய், கோடெக் போடு என்றால் அது 2007-இலிருந்து பஸ் தவறவிட்டு நிற்கும் ஆசாமி, டேபை மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள். வி.எல்.சி. வேண்டுமென்றால் வீடியோலேன் தளத்தில் மட்டும் எடுங்கள். எதை ஏற்றினாலும் 'ரெகமெண்டட்' என்பதை விட்டு 'கஸ்டம்' அமுக்கினால், உள்ளே யாரெல்லாம் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் பிளேயர் ஒழிந்தது என்று கொண்டாட வேண்டாம். காசு கட்டிப் பார்க்கும் படங்களுக்குப் பூட்டுத் திறக்க 'வைட்வைன்' என்று ஒரு சாமான் வேண்டும். குரோமில் அது உங்களைக் கேட்காமலே உள்ளே குடியிருக்கிறது. அந்த நாள் ரியல் பிளேயராவது வாசலில் நின்று சண்டை போட்டது.

டிவியைப் பாருங்கள். 2007-இலிருந்து சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங் தொழிற்சாலை நடக்கிறது, டிவி செய்த ஊர் இது. எந்தக் கம்பெனி ஸ்மார்ட் டிவியானாலும், நீங்கள் கேட்காத ஆப் உள்ளே இருக்கும். அது போதாதென்று ரிமோட்டிலேயே நாலு கம்பெனிக்குப் பட்டன். டிக் பெட்டியை ரப்பரில் செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா வால்யூமைக் குறைக்கப் போவார், திரையில் ஸ்பானிஷ்காரன் பேங்க்கைக் கொள்ளையடித்துக்கொண்டிருப்பான்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் சிப்காட் ஒரு பெண்கள் விடுதி திறந்தது. 18,720 படுக்கைகள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நின்றதும், அத்தனை கைகளிலும் போன், அத்தனை போனிலும் விட்டுப்போன எபிசோட். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிரௌசரில் சீரியலைத் தேடித் திறக்கிறாள். பாதித் திரையை மறைத்துக்கொண்டு வண்ணமயமாக ஒரு பலகை எழும்புகிறது: ஆப்பில் பார்த்தால் இன்னும் அருமையாக இருக்கும், இன்ஸ்டால் செய்யுங்கள்.

"அக்கா, படத்தையே மறைக்குது. போன்ல வேற இடமில்ல. இதுல எதை அமுக்கணும்?"

பக்கத்துக் கட்டில் அக்கா கம்பெனியில் நாலு வருஷ சீனியர். தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கீழ, கண்ணுக்கே தெரியாத மாதிரி சாம்பல் கலர்ல பொடியா ஒண்ணு எழுதியிருக்கும் பாரு. அதான் நமக்கு."